தொண்ணூற்று மூன்று நோயற்ற குழந்தைகள்

3 ஜூலை, திங்கள்

வசுமதி அனுப்பிய மூன்று பெட்டிகள் காலை பத்து இருபதுக்கு வந்தன. படிவங்கள் 412. எண்ணினேன். சாப்பிட்ட பிறகு மறுபடி எண்ணினேன். 412 தான்.

வசுமதி என்னிடம் புள்ளியியல் படித்தவள். இப்போது குழந்தைகள் நலம் பற்றி ஆராயும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறாள். செங்காட்டுப்பாளையத்தைச் சுற்றியுள்ள நூற்பாலைப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்பது ஆய்வு. குழந்தைகள் மூன்று வகை. உள்ளூர்க்காரர் பிள்ளைகள் 188. ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் 128. அங்கே பிறந்து பெற்றோருடன் இங்கே வந்த பிள்ளைகள் 96. பிறந்த இடம் ஏதேனும் வேறுபாடு செய்கிறதா என்பதே கேள்வி.

கணக்கெடுப்பவர்களுக்கான அறிவுரைப் புத்தகத்தை ஏப்ரலில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். இப்போது படிவங்களைச் சரிபார்க்கும் வேலையையும் தந்திருக்கிறாள். எழுபத்து மூன்று வயதுக்காரனை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று தெரியவில்லை. நான் எதிர்த்துப் பேசமாட்டேன் என்பதாலாக இருக்கலாம்.

மாலை எரிவாயு சிலிண்டர் வந்தது. முத்திரை சற்றுக் கோணலாக இருந்ததால் வில்தராசில் எடை பார்த்தேன். சரியாக இருந்தது. தராசு சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை.

4 ஜூலை, செவ்வாய்

கேள்வி 16: “கடந்த மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்ததா?”

உள்ளூர்ப் பிள்ளைகளில் 77 பேருக்கு ‘ஆம்’. நூற்றுக்கு 41.
இங்கே பிறந்த வெளிமாநிலப் பிள்ளைகளில் 49. நூற்றுக்கு 38.
அங்கே பிறந்தவர்களில் 3. நூற்றுக்கு மூன்று.

என் கூட்டலில்தான் பிழை என்று நினைத்து, இருமுறை செய்தேன். மூன்றுதான். வெளிமாநிலப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே ஆலையின் ஒரே குடியிருப்பு, ஒரே தண்ணீர், ஒரே பஞ்சுத்தூசி. அதில் தொண்ணூற்று மூன்று குழந்தைகள் ஒருமுறைகூட இருமவில்லை. இப்படி ஒரு பட்டியலை மாணவன் எவனாவது கொண்டுவந்திருந்தால் எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்டிருப்பேன். இல்லை, கேட்டிருக்கமாட்டேன். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

6 ஜூலை, வியாழன்

கணக்கெடுத்தவர் ஒரே ஒருவர். சிந்தாமணி, முப்பத்தெட்டு வயது. அங்கன்வாடியில் உதவியாளராகப் பத்தாண்டுகள் இருந்தவர். கையெழுத்து திருத்தமானது; சந்தேகப்படும் அளவுக்குத் திருத்தமானது.

மே 21 அன்று மட்டும் 22 படிவங்கள். ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஒரு பெண் ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் வீடு வீடாக நடந்தாரா?

இன்னொன்றும் கண்டேன். அங்கே பிறந்தவர்கள் படிவங்களில் சிலவற்றின் வலது மேல் மூலையில் பென்சிலால் சிறு புள்ளி. சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. மற்ற இரு வகைப் படிவங்களில் ஒன்றில்கூட இல்லை. புள்ளி உள்ளவை அனைத்திலும் கேள்வி 16க்கு ‘இல்லை’.

வீட்டில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவருக்கு, எதை நிரப்பினோம் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டுமே.

8 ஜூலை, சனி

விடுபட்ட கையொப்பங்களைப் போட சிந்தாமணி வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“அந்த ஆலைக் குடியிருப்புல கேள்வியெல்லாம் எப்படிம்மா கேட்டீங்க?” என்றேன். கேட்கும்போது படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புத்தகத்துல போட்டபடிதானுங்க சார். ஒரு எழுத்து மாத்தலீங்க.”

“ஒரே நாள்ல இருபத்திரெண்டு...”

“கேண்டீன்ல எல்லாத்தையும் வரிசையா உக்கார வெச்சுட்டாங்க. மடமடன்னு முடிஞ்சுருச்சுங்க.” பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க சார், ஏதாச்சும் தப்பா இருக்குதுங்களா?” என்றார்.

“இல்ல இல்ல.”

“இருந்தா சொல்லிப்போடுங்க. இந்த சர்வே நல்லபடியா முடிஞ்சா என்னை நிரந்தரம் பண்றேன்னு மேடம் சொல்லியிருக்காங்க. எங்க வூட்டுக்காரரு லாரில அடிபட்டதுல இருந்து படுத்தேதான் இருக்காரு. எனக்கு இதை விட்டா வேற இல்லீங்க.”

புள்ளிகளைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. தேநீர் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்பது அவர் போன பிறகு நான் குடித்தபோதுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்திருக்கிறார். உண்மையை மறைக்கப் பழகியவர் என்று தோன்றியது.

10 ஜூலை, திங்கள்

வசுமதிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரைவுகள். கடைசியாக நின்ற வாக்கியம்: “மூன்றாம் வகையின் 96 படிவங்கள் களத்தில் நிரப்பப்பட்டவைதாமா என்று ஐயுற இடமிருக்கிறது.” யார் பெயரையும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை, கணக்கெடுத்தவர் ஒருவர்தானே.

நானே போய்த் தபாலில் சேர்த்தேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

12 ஜூலை, புதன்

வசுமதி தொலைபேசியில் பேசினாள்.

“சார், சிந்தாமணியை இன்னையோட நிறுத்தி வெச்சுட்டேன். நீங்களே ஐயம்னு எழுதினீங்கன்னா அது சாதாரண விஷயம் இல்ல.”

“நிறுத்தச் சொல்லி நான் எழுதலையேம்மா.”

“நீங்க எப்பவுமே அப்படித்தான் சார். ஃபெயில்னு சொல்லமாட்டீங்க, முப்பத்து நாலு மார்க் போடுவீங்க.” சிரித்தாள். “குடியிருப்புக்குப் போய் ஒரு பத்து படிவத்தைச் சரிபார்த்துக் கொடுங்க. தப்புன்னு உறுதியானா எடுத்துடறேன்.”

படிவங்களையா, சிந்தாமணியையா என்று நான் கேட்கவில்லை.

13 ஜூலை, வியாழன்

ரேண்டம் எண் அட்டவணையைக் கொண்டு மூன்றாம் வகையில் பத்துப் படிவங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆலைக் குடியிருப்புக்குப் போனேன். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். மேற்பார்வையாளர் ராக்கப்பன் கூடவே வந்தார். ராமநாதபுரத்துக்காரர்; மனைவி, சிறு மகளோடு அதே வளாகத்தில் குடியிருக்கிறார். சூரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததால் இந்தி நன்றாகப் பேசுகிறார். என் கேள்விகளை அவர்தான் பெண்களுக்குச் சொன்னார்; அவர்கள் பதிலை எனக்குச் சொன்னார்.

“எல்லாம் நல்லா இருக்குதுக சார். நம்ம கம்பெனில நோயாளிப் பிள்ளையே கிடையாது. போன வருசம் ஊர்ல இருந்து ஒருத்தி மணல்வாரி அம்மையோட பிள்ளையைக் கொண்டாந்தா. அதுக்கப்புறம் ரொம்பக் கண்டிசனா இருக்கோம்ல.”

பத்து வீடுகளிலும் நோய் ‘இல்லை’. படிவத்தில் இருந்ததற்கும் இன்று கேட்டதற்கும் பத்துக்குப் பத்து பொருத்தம்.

மகிழ்ச்சி அடைந்திருக்க வேண்டும். ஆனால் பத்துக்குப் பத்து என்பது எனக்குப் பிடிக்காத எண். மனிதர்கள் இரண்டு மாதம் கழித்து அவ்வளவு ஒழுங்காக ஒரே பதிலைச் சொல்வதில்லை. சிந்தாமணி முன்னதாகவே வந்து பழக்கிவைத்துவிட்டாரா?

படிவம் 219, குழந்தை ரீனா, இரண்டரை வயது, பிறந்த ஊர் கஞ்சம் மாவட்டம். அதன் தாயின் கையொப்பம் வாங்கக் குனிந்தபோது குழந்தை என் பேனாவைப் பிடித்துக்கொண்டது. விரல்களை விலக்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. அதன் கை சுட்டது. தகரக் கூரை, நல்ல வெயில்.

14 ஜூலை, வெள்ளி

காலை முழுவதும் ஒரே இடத்தில் சுற்றினேன். படிவங்கள் வீட்டில் நிரப்பப்பட்டவை என்றால் தாய்மாரின் பெயரும் வயதும் பிள்ளையின் எடையும் எப்படிப் பொருந்தின? பொருந்தின என்பதால் அவர் அங்கே போயிருக்கிறார். போனவர் ஏன் புள்ளி வைக்க வேண்டும்?

நேற்றைய பத்தில் நான்கு படிவங்களில் புள்ளி இருக்கிறது. 219இலும் இருக்கிறது.

மதியம் சாப்பாட்டுக்கு முன் எல்லாப் புள்ளிகளையும் எண்ணினேன். 34. அதோடு ‘ஆம்’ என்ற மூன்று படிவங்களையும் சேர்த்தால் 37. தொண்ணூற்றாறில் 37 என்றால் நூற்றுக்கு 38.5.

இங்கே பிறந்த பிள்ளைகளின் அளவு 38.3.

இவ்வளவு நெருக்கம் தற்செயலாகவும் இருக்கலாம். இந்தத் தொகைக்கு 29 முதல் 48 வரை எதுவும் வரக்கூடும். அதையும் கணக்கிட்டு எழுதிவைத்தேன். எழுதிவைத்த பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.

15 ஜூலை, சனி

சிந்தாமணியின் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் கணவர் படுத்திருந்தார். வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

“அந்தப் பென்சில் புள்ளி...”

“பாத்துட்டீங்களா? அழிச்சுக் குடுத்திருக்கோணும். மனசு வரலீங்க.”

“எதுக்கு வெச்சீங்க?”

“புள்ளை மடில கெடந்து இருமிட்டே இருக்கும். ஒடம்பு அனலாக் கொதிக்கும். அந்த ராக்கப்பன் இந்தில கேப்பாரு, அவளுக தலையை ஆட்டுவாளுக. ‘இல்லைங்குது, எழுதிக்கங்க’ம்பாரு. நான் என்ன பண்றது? உங்க புத்தகத்துல பதினாலாவது விதி என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும். “பதில் சொல்பவர் சொன்னதை மட்டும் எழுதவும். கணக்கெடுப்பவர் தாம் கண்டதையோ ஊகித்ததையோ எழுதக் கூடாது.” அந்த விதியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. உண்டாயிருந்தது.

“அதான் இல்லைன்னு எழுதிட்டு, மூலைல ஒரு புள்ளி வெச்சனுங்க. நாளைக்கு யாராச்சும் பாத்துக் கேட்டா சொல்லலாம்னு. நீங்க பாத்தீங்க. கேக்கல.”

“அவங்க ஏன் மறைக்கிறாங்க?”

“மணல்வாரி வந்தப்ப அந்தக் குடும்பத்தையே ரயில் ஏத்திட்டாங்க சார். அதுல இருந்து, அவங்க ஊர்ல பொறந்த புள்ளைக்கு நோவுன்னா ஊர்ல இருந்து கொண்டாந்த நோவு, போன்னு சொல்லீருவாங்க. இங்க பொறந்ததுன்னா நம்ம சுகாதார நிலையத்து அட்டை இருக்கும், ஊசி போட்ட தேதி இருக்கும். அதுகளை ஒண்ணும் சொல்றதில்லை. அவளுக ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போறதில்லைங்க, அங்க குடுக்கற சீட்டுல கம்பெனிக்குத் தெரிஞ்சுருமாமா. மெடிக்கல்ல மருந்து வாங்கி ஊத்திட்டுக் கெடக்கறாளுக.”

நான் தவறாக நினைத்துவிட்டதாகச் சொன்னேன்.

“என்னைத் தப்பா நெனைச்சதுகூடப் போகட்டுமுங்க. உங்களுக்கு ஃபாரத்து மேல சந்தேகம் வந்துச்சு, என்மேல வந்துச்சு. இத்தனை நாள்ல ஒரு தடவையாச்சும் அந்தப் புள்ளைக நெசமாலுமே நல்லா இருக்குதான்னு கவலை வந்துச்சுங்களா?”

உள்ளறையில் கணவர் வானொலியை அணைத்தார்.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பை மூன்றாம் தேதியிலிருந்து படித்துப் பார்த்தேன்.

16 ஜூலை, ஞாயிறு

வசுமதிக்கு இரண்டாவது கடிதம் எழுதிவிட்டேன். படிவங்களில் பொய் இல்லை என்றும் 14ஆம் விதி பொருத்தமற்றது என்றும் எழுதினேன். மூன்று வரைவுகள். நாளை தபாலில் சேர்க்கலாம்.

17 ஜூலை, திங்கள்

மழை வரும்போல் இருந்தது. தபால் நிலையம் போகவில்லை.

18 ஜூலை, செவ்வாய்

செடிகளுக்கு மூன்று வாளி தண்ணீர். மண் பிளந்து கிடக்கிறது. தபால் நிலையத்தில் கூட்டம் இருக்கும் நாள்.

19 ஜூலை, புதன்

இரத்த அழுத்தம் 158. வெளியே போகவில்லை.

20 ஜூலை, வியாழன்

9ஆம் விதியைப் பற்றி எழுதவேண்டும். ஒத்திப்போட்டு வந்தேன்.

9: “கணக்கெடுப்பவருக்கு மொழி தெரியாத இடங்களில் நிர்வாகம் தரும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.” நேரம் மிச்சமாகும் என்று எழுதினேன். தாய்மார்கள் யாருக்குப் பயப்படுகிறார்களோ அவரையே அவர்கள் எதிரில் கொண்டுபோய் நிறுத்தியது சிந்தாமணி அல்ல. முதலாண்டு மாணவனும் செய்யாத பிழை. கடிதத்தில் இதை நான் எழுதவில்லை. அதனால்தான் அதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை போலும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வசுமதியைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு விதிகளையும் சொன்னேன். புள்ளிகளையும், ரீனாவின் கையையும் சொன்னேன்.

“இதை ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாமே சார். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கணும். புள்ளியை நான் யாருக்கும் காட்ட முடியாது. பதினாறாவது கேள்விக்கு மட்டுமாவது, முடிஞ்ச வரைக்கும் புதுப் படிவம் வேணும், அந்த மேற்பார்வையாளர் இல்லாம. வந்தா சிந்தாமணி இருக்கலாம். வரலைன்னா தொண்ணூத்தாறையும் நீக்கிடுவேன். நீக்கினதுக்கு ஒரு காரணம் சொல்லணும். அந்தக் காரணம் அவங்களாத்தான் இருக்கும்.”

“காரணம் நான்தான்னு எழுதித் தரேன்.”

“நீங்க சம்பளத்துக்கு இல்லையே சார். உங்களை எங்கேருந்து நீக்குறது?”

21 ஜூலை, வெள்ளி

சிந்தாமணி ஒத்துக்கொண்டார். எனக்காக அல்ல என்று தெளிவாகச் சொன்னார். நாளை மறுநாள் காலை பத்து மணி. ஞாயிறுகளில் ராக்கப்பன் சந்தைக்குப் போய் ஒரு மணிக்குத்தான் திரும்புவாராம். மொழிக்கு சஞ்சுக்தா என்ற பெண். ஒடிசாக்காரி, ஆறாண்டுகளாக இங்கே இருக்கிறாள், தமிழ் பேசுவாள். அவள் பிள்ளை இங்கே பிறந்தது. அவளுக்குப் பயம் இல்லை. காய்ச்சல் உள்ள பிள்ளைகளை அன்று மாலையே அரசு மருத்துவமனைக்குச் சிந்தாமணியே அழைத்துப்போவதாக ஏற்பாடு. படிவத்தில் ஆலையின் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம் என்று சஞ்சுக்தா நிபந்தனை போட்டிருக்கிறாள். ஒத்துக்கொண்டேன்.

23 ஜூலை, ஞாயிறு

“நீங்க உள்ளே வரவேண்டாமுங்க” என்றார் சிந்தாமணி. “நோட்டும் கையுமா உங்களைப் பாத்தா அவளுக வாயே தொறக்க மாட்டாளுக. கேட்டுல நில்லுங்க.”

நின்றேன். காவற்காரர் இல்லை, ஞாயிறுகளில் இருப்பதில்லையாம். அதை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்துக்கு ராக்கப்பன் இருசக்கர வண்டியில் வந்தார். பையில் காய்கறி பாதிகூட இல்லை. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“என்ன சார், இங்கன நிக்கிறீக? வாங்க, உள்ள போவோம்.”

அவர் உள்ளே போனால் பெண்கள் மறுபடி தலையை ஆட்டுவார்கள். சிந்தாமணியின் கையில் பத்துப் படிவங்கள்கூட இருக்காது. எனக்குப் பொய் சொல்ல வராது. பையில் ஒரு வெற்றுப் படிவம் இருந்தது. அதை எடுத்தேன்.

“உங்களைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். இந்த வளாகத்துல குடியிருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கணும். உங்க பிள்ளை விட்டுப்போச்சு.”

“என் பிள்ளையா?” சிரித்தார். “நான் என்ன ஒடிசாக்காரனா?”

“எல்லாரும்தான். மொத்தம் நாற்பத்திரெண்டு கேள்வி. குழந்தையின் பெயர்?”

வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னார். நித்யஸ்ரீ, நான்கு வயது. ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். இவ்வளவு மெதுவாக என் வாழ்நாளில் எழுதியதில்லை.

“பிறந்த இடம்?”

“சூரத்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். தடுப்பூசி அட்டை உண்டா என்று கேட்டேன். அங்கே கொடுத்தது எங்கேயோ போய்விட்டது என்றார். எடை, உயரம், குடிநீர், கழிப்பறை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினாறாவது கேள்விக்கு வந்தேன்.

“கடந்த மூணு மாசத்துல காய்ச்சல், இருமல்...”

“இல்ல.”

கேள்வியை நான் முடிக்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதினேன். என் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை அணைத்தார்.

“இந்தத் தாளு ஆபீசுக்குப் போகுமா சார்?”

“போகாது. என்கிட்டயும் வசுமதி மேடம்கிட்டயும்தான்.”

“எழுதிட்டீகல்ல, அப்புடியே இருக்கட்டும். சும்மா சொல்றேன். ராத்திரியானா மூச்சிழுப்பு. அவ அம்மா உக்காந்தே வெச்சிருப்பா. இங்க வந்தப்புறம்தான். இந்தப் பஞ்சுக்கு.” காய்கறிப் பையைத் தேவையில்லாமல் இடம் மாற்றி மாட்டினார். “நான்தான் சார் எல்லாருகிட்டயும் சொல்றது, ஊர்ல இருந்து கொண்டாந்த நோயின்னு. என் பிள்ளைக்கு என்னன்னு சொல்லுவேன்?”

அப்போது உள்ளேயிருந்து பெண்களின் பேச்சு கேட்டது. பல குரல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் சிந்தாமணி, “இரு இரு, ஒவ்வொருத்தரா சொல்லுங்கம்மிணி” என்றார். ராக்கப்பன் காதிலும் விழுந்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். மே மாதம் முழுவதும் கூடவே நடந்தவர்.

“டீ குடிச்சிட்டு வாரேன்” என்றார். “ஒரு மணி நேரம் ஆகும்.”

மீதி இருபத்தாறு கேள்விகளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு சாலை வரைக்கும் போய் நின்றார். இடப்பக்கம் ஆலை அலுவலகம். வலப்பக்கம் தேநீர்க் கடை. ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. சாலை காலியாகிவிட்டது. அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.

வலப்பக்கம் திரும்பினார்.

உள்ளே சிந்தாமணி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அதைத் திறந்துகொண்டு வந்த பெண், பதினாறாவது கேள்விக்கு இந்தியில் ஏதோ சொன்னாள். சஞ்சுக்தா அதைத் தமிழில் உரக்கச் சொன்னாள்: “ஆமா. நாலு நாளா.”